நடுவில் அடித்த பலகை

அப்பா மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்த வருஷம்தான் மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் தையல் பயிற்சி நிலையம் திறந்தார்கள். நூற்றாண்டு முடியப்போகிறது என்று ரேடியோவில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டு உதவியில் நடந்த பயிற்சி அது. முடித்தால் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை என்றார்கள். வீட்டில் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஆள் நானும் அம்மாவும்தான், தம்பிகள் பொடிசுகள். வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். கீழே கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை, மேலே எங்களுக்கு வேலை கிடைக்கவில்லை, நடுவில் இருக்கும் பள்ளத்தை எப்படித் தூர்ப்பது என்பதுதான் அவர்கள் பேச்சு. கூட வந்தவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பாதி நாள் படிப்பு, பாதி நாள் கம்பெனி, எங்கள் நாட்டில் அப்படித்தான் என்றார் ஒரு அம்மா. பயிற்சிச் செலவில் முதலாளிகளும் பங்கு தரவேண்டும், எங்களிடம் அதற்குச் சட்டமே இருக்கிறது என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் ஒரே பரீட்சை, தேறினால் சான்றிதழ், அது போதும் என்றார் மூன்றாமவர். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி மூன்று தேசமும் எங்கள் தலைக்கு மேல் வாதாடின. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதலில் ஒழுங்காக பஸ் விடச் சொல்லியிருப்போம். கம்பெனி மலையேறி வராது, முதலாளி பங்கு தரமாட்டார் என்பதால் பரீட்சைக்காரர் ஜெயித்தார்.

கம்பெனி சூப்பர்வைசர் பரீட்சை வைக்க வந்தார். ஆளுக்கு ஒரு கட்டுத் துணி. என் பக்கத்து மெஷினில் இருந்தவள் தேவனூர் நாட்டுக்காரி, பயிற்சியில் கிடைத்த சிநேகிதி. அவள் கை வேகம். தன் கட்டை முடித்ததும், "இங்க குடு புள்ள" என்று என் கட்டிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டாள். முடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. சாமைக்குக் களையெடுக்கும்போது முன்னால் போனவள் திரும்பி வந்து, பின்தங்கியவளின் வரிசையை எதிர்ப்பக்கமிருந்து பிடிப்பாள். ஒருத்தியைக் காட்டுக்குள் விட்டுவிட்டு மற்றவர்கள் கரையேறுவது எங்கள் பக்கம் கிடையாது.

சூப்பர்வைசர் கொதித்துப்போனார். "ஏம்மணி, எது யாரு தெச்சதுன்னு நான் எப்பிடிக் கண்டுபுடிக்கறது? இது பரிச்சையா, பண்டிகையா?"

"எல்லாமே முடிஞ்சு போச்சுங்களே" என்று சிநேகிதி துணிகளைக் காட்டினாள். அவள் என்ன சொல்கிறாள் என்றே அவருக்குப் புரியவில்லை. ஒருத்தியையும் எடுக்காமல் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் அப்பா படுத்தபடியே கேட்டார், "ஆச்சா கண்ணு?"

"அடுத்த தடவ எடுப்பாங்களாமாப்பா" என்றேன். அப்படி ஒரு தடவை உண்டா என்று எனக்கே தெரியாது.

உண்டு என்றார்கள். தனியாக வேலை செய்யும் பழக்கம் எங்களுக்கு இல்லையாம், அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மேலிடத்து யோசனை. மெஷின்களுக்கு நடுவில் பலகை அடித்தார்கள். தலையைத் திருப்பினால் டீச்சர் மேஜையைத் தட்டுவார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. மழைக்காலம் ஓய்வதற்குள் சிரிப்பு நின்றுபோனது. பலகைக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் நாங்கள் திரும்புவதில்லை.

மறுபடியும் அதே சூப்பர்வைசர். இதுதான் கடைசி, இதற்குப் பிறகு நிலையத்தையே மூடிவிடுவோம் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். அன்று காலை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது முதுகில் புண் வந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். குனிந்த தலை நிமிராமல் தைத்தேன். நன்றாகத்தான் போனது. துணிக்கட்டு பாதி முடிந்தபோது ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டப் போனால் அவசரத்தில் ஊசியைப் பிடிக்கும் திருகாணி கழன்று கீழே விழுந்தது. தரையில் மண்டியிட்டுத் தடவினேன். கண்ணில் நீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை.

பலகைக்குக் கீழே சிநேகிதியின் கால் தெரிந்தது. மிதித்துக்கொண்டிருந்தது.

"புள்ள" என்றேன், மெதுவாக.

கால் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது மறுபடி மிதிக்க ஆரம்பித்தது.

அவளை எடுத்துக்கொண்டார்கள். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. அவள் வீட்டிலும் அடுப்பு அவளை நம்பித்தான் இருந்தது. சொல்லிக்கொடுத்ததை அவள் சரியாகச் செய்தாள், அவ்வளவுதான்.

நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். வாசலில் காலடி கேட்டதுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆச்சா கண்ணு?"

இந்தத் தடவை அவருக்குச் சொல்ல அடுத்த தடவை இல்லை.