பிளக்கைக் காயவைக்கத் தீக்குச்சி கிழித்தார்!

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பழைய மொபெட்டின் மேல் அளவு கடந்த பாசம். பெட்ரோலோடு கலக்க வேண்டிய ஆயிலைத் தாராளமாக ஊற்றுவார். கேட்டால், "அப்பத்தான் எஞ்சின் நோகாம ஓடும்" என்பார். அதனால் ஸ்பார்க் பிளக்கில் எப்போதும் கரியும் எண்ணெயும்தான்.

பரளச்சியில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் இவர்தான். அருப்புக்கோட்டையைத் தாண்டியதுமே வண்டி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கொஞ்ச தூரம் ஓடி, நல்ல வெயிலில் கரிசல் காட்டு நடுவே மறுபடி நின்றது.

நாத்தனார் போனில் கத்தினாள்: "அண்ணே, ஆசாரி கிளம்புறேங்காரு. எங்கதான் வாரீக?"

"இந்தா, வந்துட்டேம்மா" என்றவர், வண்டியை விட்டுத் தள்ளிப்போய், ஈரப் பிளக்கைக் காயவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார்.

"ஏங்க, கையெல்லாம் பெட்ரோலு!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கையில் தீப்பிடித்துக்கொண்டது. பட்டுச்சேலையோடு மண்ணை அள்ளி அள்ளி வீசினேன். நல்லவேளை, கைமுடி பொசுங்கியதோடு போயிற்று.

அதற்கும், "நீ கத்துனதுலதான் கை ஆடிருச்சு" என்கிறார்!

லோடு ஆட்டோவில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். இவர் மேல் அடித்த பெட்ரோல் வாடை பொறுக்காமல், ஆசாரி காதைத் தொடும் முன்பே பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது.

இப்போது ஆயில் டப்பா என் பொறுப்பில் இருக்கிறது. மெக்கானிக் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற விடுவதில்லை. வண்டியில் புதுப் பிளக்கும் ஸ்பேனரும் வைத்திருக்கிறேன். தீப்பெட்டி மட்டும் அடுப்படியைத் தாண்டுவதில்லை.