ஆயில் மூடியில் ஒரு சீல்

கஸ்பார். பிறப்பு: ஆகஸ்ட் 1979, ராயபுரம், பனைமரத்தொட்டி. தந்தை துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. கனரக வாகன உரிமம் பெற்றது 2001. திருமணம் 2006, மனைவி ரோசி. மக்கள் இருவர். பிறருடைய லாரிகளை ஓட்டியது இருபது ஆண்டுகள். தன் பெயரில் வாங்கியது ஒரே ஒரு வண்டி: நாற்பதடி கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர், புத்தம் புதியது, செப்டம்பர் 2021. என்ஜினுக்கு மூன்று ஆண்டு வாரண்டி.

இவை எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் கையால் எழுதப்பட்டவை. கஸ்பார் என் தம்பி. பதிவேட்டில் ஒரு வண்டிக்கு ஒரு வரிதான் உண்டு. அந்த வரிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவனுடைய சுத்தம். டிரெய்லர் ஓட்டுகிறவனின் சட்டைக் காலர் வெள்ளையாக இருக்கும் என்று சொன்னால் எண்ணூர் சாலையைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். அவனுடையது இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மீண்டும் செருகி உருவிப் பார்ப்பான். பிறர் வண்டிகளிலும் இருபது ஆண்டுகள் இதையே செய்தான்.

அடுத்தது, சீல். கன்டெய்னரின் கதவில் எண் பொறித்த ஓர் இரும்பு ஆணியைப் பூட்டி அனுப்புவார்கள். அதைத் திறக்க முடியாது, வெட்டத்தான் முடியும். வழியில் அது உடைந்திருந்தால் உள்ளே சரக்கு குறைந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே ஓட்டுநரைப் பிடித்துக்கொள்வார்கள். 2009இல் இவனுக்கு முன்னால் போன வண்டியில், டீக்கடை நிறுத்தத்தில் யாரோ சீலை வெட்டிவிட்டார்கள். அந்த ஓட்டுநர் பத்தொன்பது நாள் உள்ளே இருந்தான். வெளியே வந்தவனுக்கு வலது காது கேட்கவில்லை. அன்றிலிருந்து கஸ்பார் எங்கே வண்டியை நிறுத்தினாலும் இறங்கிப் பின்னால் போய் சீலை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பான். காட்டுப்பள்ளி, எண்ணூர், மணலி என்று ஓடும் எல்லா ஓட்டுநர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. இவனிடம் அது பயமாக இல்லாமல் ஒரு பெருமையாகவே மாறியிருந்தது. "என் கையில ஒரு சீல் கூட ஒடஞ்சதில்லக்கா" என்பான். பதிவேட்டில் எழுதச் சொல்வான். அதற்குப் பத்தி இல்லை என்று நான் மறுத்திருக்கிறேன்.

புது வண்டி முதல் ஆண்டு ஒழுங்காக ஓடியது. இரண்டாம் ஆண்டின் நடுவில் அளவுக் கம்பியில் எண்ணெய் இறங்கத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு லிட்டர். பிறகு மூன்று நாளைக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டில் நாளுக்கு ஒன்று. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. புகைக்குழாயில் மட்டும் நீலம் தட்டியது. அதன் வாயில் கரிப்பசை படிந்தது. விரலால் தொட்டால் மூன்று முறை சோப்பு போட்டாலும் போகாத பிசுக்கு. துறைமுக வாசல் வரிசையில் வண்டிகள் நாலு மணி, ஐந்து மணி நேரம் என்ஜினை அணைக்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அத்தனை நேரமும் அது எண்ணெயை எரித்தது. கிலோமீட்டர் எண்ணோ நின்ற இடத்திலேயே நின்றது.

மாத்தூருக்கு அப்பால் இருக்கிறது, வண்டி விற்றவர்களின் சர்வீஸ் நிலையம். பெயரை எழுதப் போவதில்லை. ஐந்து முறை போனான். மூன்றாம் முறை நானும் கோப்புடன் போனேன். குளிரூட்டிய அறை, காபி இயந்திரம், சோபாவின் மேல் கிழிக்காத பிளாஸ்டிக் உறை. மேற்பார்வையாளர் டில்லிபாபு எங்கள் பக்கத்துத் திருவொற்றியூர்க்காரர்தான். அந்த அறைக்குள் வந்ததும் பேச்சை மட்டும் இஸ்திரி போட்டுக்கொள்வார்.

"புது வண்டி கொஞ்சம் ஆயில் எடுக்கிறது நார்மல் சார்" என்றார்.

"டீசல் குடிக்கும்னு தெரிஞ்சிதான் சார் வாங்கினேன். இப்ப ஆயிலும் குடிக்குது. அடுத்த மாசம் பிரியாணி கேக்குமா?"

"அது ஓட்டுற விதத்தையும் பொறுத்தது."

"இருபத்து ரெண்டு வருசமா ஓட்டறேன். எந்த வண்டியும் எங்கிட்ட ஆயில் கேட்டு அழுததில்ல."

டில்லிபாபு சிரித்தார். கையில் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக்கொண்டார். இவனிடம் கைகுலுக்கிய கை அது. முதல் நான்கு முறையும் நார்மல் என்ற ஒரே சொல்தான் கிடைத்தது. அதை எழுதிக் கேட்டால் எழுதித் தரமாட்டார்கள். வேலை அட்டையில் "பொதுப் பரிசோதனை" என்று மட்டுமே குறித்தார்கள்.

ஐந்தாம் முறை, மே 2024 இறுதியில், கஸ்பார் எழுந்து போக மறுத்தான். அப்போதுதான் சோதனை ஒன்று உண்டு என்பது டில்லிபாபுவின் நினைவுக்கு வந்தது. ஆயிலை முழு அளவுக்கு, இருபத்து நான்கு லிட்டர் நிரப்புவார்கள். ஊற்றும் மூடிக்கும் அளவுக் கம்பிக்கும் எண் பொறித்த கம்பிச் சீல் வைப்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரவேண்டும். அவர்களே திறந்து அளப்பார்கள். அளவுக்கு மேல் குறைந்திருந்தால் புது என்ஜின். சீல் உடைந்திருந்தால் சோதனை செல்லாது.

கஸ்பார் இரண்டு சீல் எண்களையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டான். வெளியே வந்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "பாத்தியாக்கா? சீல் வெச்சிட்டான். இனிமே அவன் பேச்சு மாற முடியாது" என்றான். சீல் என்றால் இரு தரப்பையும் கட்டும் என்று இருபத்து மூன்று ஆண்டு அனுபவத்தில் அவன் நம்பினான். நானும் நம்பினேன். இடையில் ஆபத்து விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதை எழுதி வாங்கவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழின் நகலைக்கூட மூன்றாக வைத்திருக்கும் நான், அந்த ஒரு தாளைக் கேட்கவில்லை.

பதினேழாம் நாள், ஜூன் நடுப்பகல். காட்டுப்பள்ளி துறைமுக வாசலுக்கு முக்கால் கிலோமீட்டர் முன்பு வரிசை நின்றிருந்தது. ஓர் ஏற்றுமதிப் பெட்டியைக் காலையில் இறக்கிவிட்டு, அடுத்ததை ஏற்றக் காலி வண்டியுடன் கஸ்பார் காத்திருந்தான். ஓடியது ஆயிரத்து முந்நூறு சொச்சம். ஆயில் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு முகப்பில் எரிந்தது. என்ஜினை அணைத்தான். பின்வண்டி ஓட்டுநர் ஹபீபுல்லா இறங்கி வந்தான். பதினைந்து ஆண்டு நண்பன். அங்கே நடந்ததை எனக்கு வரிவரியாகச் சொன்னவனும் அவனே.

"இன்னா மாமு, சிவப்பு லைட்டு எரியுது, நீ பாட்டுக்குக் குந்திகினு கீறே?"

"கம்பெனிக்குப் போன் போட்டுகினு கீறேன். எடுக்க மாட்டேங்கிறான்."

"அவன் இன்னாத்துக்கு? எங்கிட்ட அஞ்சு லிட்டர் டப்பா புதுசா கீது. மூடியத் தொற, ஊத்திக்கலாம்."

"மூடில சீல் கீது."

"தம்மாத்தூண்டு கம்பி. பிளேயர் தரேன், கட் பண்ணு."

"வோணாம் ஹபீபு."

"டேய், இது இன்னா கஸ்டம்ஸ் சீலா? உன் வண்டி, உன் ஆயிலு. உன்னத் தூக்கி உள்ளயா வெக்கப் போறான்?"

"நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிகீறான் மாமு. கையெழுத்தும் போட்டுட்டு நானே அறுத்தா, அந்த டீக்கடைல அறுத்தான் பாரு, அவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

"அப்ப என்ஜின் போனா பரவால்ல?"

"போவாது. இரு, ரிங் போவுது."

மூன்றாவது அழைப்பில் டில்லிபாபு எடுத்தார். பேசியதை ஹபீபுல்லா அருகில் நின்று கேட்டான். "சீலை மட்டும் தொட்டுடாதீங்க சார். தொட்டீங்கன்னா அப்புறம் என்னால எதுவும் பண்ண முடியாது. காலி வண்டிதானே, மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க."

இழுத்து வர வண்டி அனுப்ப முடியுமா என்று கஸ்பார் கேட்டான். அதற்கு நாளைக் காலை ஆகும் என்றார். துறைமுகச் சாலையில் அதுவரை நிறுத்திவைக்கக் காவலர்கள் விடமாட்டார்கள். கஸ்பார் வரிசையிலிருந்து வண்டியைத் திருப்பினான். ஹபீபுல்லா அந்த ஐந்து லிட்டர் டப்பாவை வலுக்கட்டாயமாகக் கேபினுக்குள் வைத்தான்.

வள்ளூர் வரை வண்டி வந்தது. அங்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் லாரிகள் போகும் வளைவில், கீழிருந்து இரும்புச் சட்டியில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை எழுந்தது. ஒருமுறை உதறிவிட்டு என்ஜின் இறுகி நின்றது. அதற்குப் பிறகு அது சுழலவில்லை. கஸ்பார் இறங்கி, என்ஜின் தெரியும்படி கேபினைச் சாய்த்து, முதல் வேலையாகச் சீலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். படம் என்னிடம் இருக்கிறது. நேரம் 1.52. கீழே இரண்டு சொற்கள்: "சீல் ஓகே."

வண்டியைச் சர்வீஸ் நிலையத்துக்கு இழுத்துப்போனார்கள். ஆறு நாள் கழித்து நாங்கள் அங்கே போனோம். என்ஜினைப் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். பிஸ்டன்களின் மேல் கரிய கூழ் அப்பியிருந்தது; சாக்கடை வாருவோர் கரையில் எடுத்து வைக்கும் மண்ணைப் போல இருந்தது. வடித்தெடுத்த ஆயில் ஒரு வாளியில் ஏழு லிட்டர். மெக்கானிக் ஒருவர் பிஸ்டனைச் சுற்றிய ஒரு வளையத்தை நகத்தால் நெம்பிக் காட்டினார். "ரிங்கு எல்லாம் ஒட்டிக்கிச்சுக்கா. ரொம்ப நாளா ஆயில் எரிஞ்சிகினு இருந்திருக்கு." டில்லிபாபு அவரைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவர் சொன்னது அறிக்கையில் இல்லை.

"சீல் ரெண்டும் பக்காவா இருக்கு சார்" என்றார் டில்லிபாபு. "அதுல உங்க மேல குறை சொல்ல முடியாது."

"அப்ப என்ஜின்?" என்று கஸ்பார் கேட்டான்.

"வண்டி ஓடினது ஆயிரத்து முந்நூத்து அறுபத்திரண்டு. டெஸ்ட் ஆயிரத்து ஐந்நூறு. முடியாத டெஸ்டை வெச்சு ஆயில் குடிக்குதுன்னு நான் எப்படி எழுதறது?"

"பாக்கி நூத்து முப்பத்தெட்டு கிலோமீட்டர செத்த வண்டிய வெச்சு ஓட்டிக் காட்டணுமா சார்? தள்ளிகினு போவவா?"

"சிவப்பு லைட் எரிஞ்சா நிறுத்தணும்னு மேனுவல்ல இருக்கு. நீங்க ஓட்டியிருக்கீங்க."

"நீங்கதானே ஓட்டிகினு வான்னீங்கோ?"

"நானா? எழுத்துல இருக்கா?"

அந்தக் கேள்வியை அவர் கஸ்பாரிடம் கேட்கவில்லை; என் மடியில் இருந்த கோப்பைப் பார்த்துக் கேட்டார். கோப்பில் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

வெளியே வந்தோம். நிறுத்துமிடம் வரை டில்லிபாபு பின்னாலேயே வந்தார். அறையைத் தாண்டியதும் பேச்சு ஊர்ப்பேச்சாகிவிட்டது. குரலில் இரக்கம்கூட இருந்தது. "நீ ஒரு ஆளு நைனா. எல்லாரும் லைட்டு எரிஞ்சா கம்பிய அறுத்து, ரெண்டு லிட்டர் ஊத்தி, அதே மாதிரி கம்பி மாட்டிகினு வருவாங்கோ. நாங்க நம்பர்லாம் பாக்கவே மாட்டோம். நீ நெசமாலுமே தொடாம இருப்பேன்னு யாரு கண்டா?"

கஸ்பார் சுவர் ஓரமாகப் போய்க் காறித் துப்பினான். பொது இடத்தில் அவன் துப்பி அதுவரை நான் கண்டதில்லை.

கடிதம் ஜூலையில் வந்தது: "உரிமையாளரின் கவனக்குறைவு; வாரண்டி பொருந்தாது." நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். ஹபீபுல்லா சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறான். மனு இன்னும் அழைக்கப்படவில்லை. புது என்ஜின் போடக் கையில் வழியில்லை. ஓடாத வண்டி தவணை கட்டாது. நவம்பரில் கடன் கொடுத்த நிறுவனம் வண்டியை இழுத்துச் சென்றது. இழுவை வண்டி அன்று மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

டில்லிபாபு சொன்னதையே ஞாயிறு பூசை முடிந்து எங்கள் உறவினர்களும் சொன்னார்கள். "அறுத்து ஊத்திட்டுப் போயிருக்கலாமே, பொழைக்கத் தெரியாதவன்." அவர்களில் இருவர் கோயில் உண்டியலுக்குப் பொறுப்பானவர்கள். ஹபீபுல்லாவின் அந்த ஐந்து லிட்டர் டப்பா மூடி திறக்கப்படாமல் கஸ்பார் வீட்டுச் சமையலறையில் நெடுநாள் இருந்தது. ஒருநாள் ரோசியே அதை எடுத்துப்போய் அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கஸ்பார் இப்போது மணலியில் ஒரு முதலாளியின் டிரெய்லரை ஓட்டுகிறான். நிற்கும் இடமெல்லாம் இறங்கிப் பின்னால் போகிறான். சீலை அசைத்துப் பார்க்கிறான். அதைப் பற்றிப் பேசுவதில்லை. பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்திருப்பதாகச் சென்ற மாதம் சொன்னேன். "அத அடிச்சுடுக்கா" என்றான். நான் அடிக்கவில்லை.

சீல் உடையாமல் ஓட்டியது: இருபத்து மூன்று ஆண்டுகள். சொந்த வண்டி இருந்தது: மூன்று ஆண்டு, இரண்டு மாதம். அதில் ஓடியது: இரண்டு ஆண்டு, ஒன்பது மாதம்.