பெயரில்லாத கல்வெட்டு

குற்றாலத்துப் பாறையில் வழுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டு, தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சட்டையில் சாரல் ஈரம் இன்னும் காயவில்லை. எதிரே டயாலிசிஸ் அறை. வாசல் சுவரில் ஒரு கல்வெட்டு: 'வளைகுடா நண்பர்கள் அன்பளிப்பு.' பெயர் ஒன்றுகூட இல்லை. டியூப்லைட் கொடுத்தாலே அதில் பெயர் எழுதிவிடுகிற நாடு இது.

பக்கத்தில் கடையநல்லூர்க்காரர் ஒருவர், முகமும் காலும் வீங்கி, மனைவியோடு முறைக்குக் காத்திருக்கிறார்.

"இந்த மெஷினெல்லாம் யார் கொடுத்தது?" என்று கேட்கிறேன்.

"யாரோ நல்லவங்க" என்கிறார். மூச்சு வாங்குகிறது. இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்க, மெல்ல எழுந்து நர்ஸிடம் போகிறார்.

மனைவி குரலைத் தாழ்த்துகிறார். "இவுகளும் கூட்டாளிமாரும் துபாய்ல கட்டட வேலை பாத்து அனுப்புனதுதான் அண்ணாச்சி. பேரு போட்டா நன்மை போயிரும்னு சொன்னதும் இவுகதான்."

"நர்ஸிடம் சொல்லலாமே?"

"சொன்னா இவுக எங்கூடப் பேசமாட்டாக."

அறை வாசலில் நர்ஸின் குரல் உயர்கிறது. "மெஷினு ஒங்க ஒருத்தருக்கா குடுத்திருக்காவ? முறை வரும், போய் உக்காருங்க."

"எல்லாருக்குந்தாம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் சுவரைப் பிடித்தபடி திரும்பி வருகிறார்.