பஞ்சக்கா தொடக்கூடாத குழாய்

ஆண்கள் வார்டில் உதவியாளராக இருந்த அவளை எல்லோரும் பஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் பஞ்சு வைத்திருப்பாள். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த தாளில் நாலே வேலைகள்தான்: உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, வாயில் ஊட்டுவது. பதினாறு வருஷத்தில் அந்த நாலு நாற்பதாகிவிட்டது. முப்பத்திரண்டு கட்டிலுக்கு ஒரே சிஸ்டர் என்றால் வேறென்ன நடக்கும்?

"அக்கா, ஆறாம் கட்டிலுக்குச் சளி எடுத்துடுங்க. உங்க கைப்பக்குவம் எனக்கே வராது" என்பாள் சிஸ்டர். பஞ்சக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"நான் பாதி சிஸ்டர் ஆயிட்டேன்" என்று வீட்டுக்காரனிடம் பீற்றிக்கொள்வாள்.

"மீதிப் பாதி வந்து எனக்குத் தண்ணி எடுத்துக் குடு" என்பான் அவன்.

பக்கத்து வார்டில் ஓர் உதவியாளர் மூக்குக் குழாயில் ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. மறுநாளே மேட்ரன் எல்லா உதவியாளர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார். "குழாய், ஊசி, ஆக்சிஜன் எதையும் தொடமாட்டோம்னு எழுதிக் குடுங்க. தொட்டா வேலை போயிடும். சிஸ்டர் சொன்னாங்கன்னு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

பஞ்சக்காவும் கையெழுத்துப் போட்டாள். கட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. சிஸ்டரும் ஒருத்திதான்.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் தையல்காரர். தொண்டையில் துளை போட்டு, அதில் செருகிய குழாய் வழியாகத்தான் மூச்சு. பேச்சு வராது. பஞ்சக்காவின் சட்டையில் பொத்தான் தொங்கினால் விரலை நீட்டிக் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார்.

மூன்று வாரம் எப்படியோ ஓடியது. ஒரு புதன்கிழமை காலை அவருடைய குழாயைச் சளி அடைத்துக்கொண்டது. நெஞ்சு எகிறியது. பக்கத்திலிருந்த மகள் அலறினாள். "போன மாசம் நீங்கதானே எடுத்தீங்க? எடுங்கக்கா!"

சளி உறிஞ்சும் மெஷின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பஞ்சக்காவின் கை பாதி நீண்டு, நின்றுவிட்டது.

"சிஸ்டரைக் கூட்டிட்டு வந்துடறேம்மா!" என்று ஓடினாள்.

வார்டின் மறுகோடியில் சிஸ்டர் வேறொரு நோயாளியின் தொடைக் காயத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம்.

"கையை எடுத்தா இவர் போயிடுவார்க்கா. நீங்களே எடுங்க!"

"எழுதிக் குடுத்திருக்கேனே சிஸ்டர்..."

"நான் சொல்றேன், போங்க!"

திரும்பி ஓடி வந்தபோது தையல்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மெஷினைப் போட்டு, அதன் மெல்லிய குழாயைத் தொண்டைக் குழாய்க்குள் விட்டாள். கெட்டியான சளி வந்தது. பிறகு மூச்சும் வந்தது. ஆனால் கண் திறந்தவருக்கு மகளை அடையாளம் தெரியவில்லை.

விசாரணையில் சிஸ்டர் மறைக்கவில்லை. "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

"அப்படிச் சொல்ல உங்களுக்கும் அதிகாரமில்ல" என்றார் மேட்ரன். பிறகு பஞ்சக்காவின் பக்கம் திரும்பினார். "ஏன் தொட்டீங்க?"

வெளியே வராந்தாவில் மகள் நின்றிருந்தாள். "எடுக்கத் தெரிஞ்சும் ஏன்க்கா ஓடுனீங்க?"

பழைய ஆள் என்று பார்த்துப் பஞ்சக்காவை வேலையிலிருந்து எடுக்காமல், துணி அறைக்கு மாற்றினார்கள்.

ஒருநாள் மத்தியானம் சிஸ்டர் அங்கே வந்து போர்வை மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என் இடத்துல இப்போ யாரு?" என்று கேட்டாள் பஞ்சக்கா.

"புதுசா ஒருத்தங்க. தாள்ல இருக்கிறதை மட்டும்தான் செய்றாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?" சிஸ்டர் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நேத்து ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல குழாய் அடைச்சுக்கிச்சுக்கா."

பஞ்சக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பு கையிலேயே நின்றது. எந்தக் கட்டிலுக்கு முதலில் போனீர்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.