ஸ்டார்ட்டர் மீண்டும் சிவந்த காலை

காதர் சார் பச்சைக்கொடியைக் காட்டிவிட்டார். என்ஜினிலிருந்து ஹாரனும் வந்துவிட்டது. சக்கரம் இன்னும் உருளவில்லை. அப்போதுதான் பிளாட்பாரக் கூரையில் தொங்கிய சின்ன விளக்கு அணைந்தது.

காதர் சார் அந்தப் பாசஞ்சர் வண்டியின் கார்டு. நான் ஸ்டேஷன் மாஸ்டர். கொடி சட்டென்று சிவப்பாக மாறியதையும், வாக்கி-டாக்கியில் அவர் "எடுக்காதீங்க, எடுக்காதீங்க!" என்று கத்தியதையும் என் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி லேசாகக் குலுங்கி அப்படியே நின்றது.

ரிப்பீட்டர் என்னும் சின்ன விளக்கு

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒற்றைப் பாதையில் இருக்கும் சிறிய ஸ்டேஷன் அது. பிளாட்பாரம் வளைவில் கட்டியது. கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டுக்கு, வண்டி கிளம்ப அனுமதி தரும், முன்னால் இருக்கும் ஸ்டார்ட்டர் சிக்னல் தெரியாது. அதற்காகப் பிளாட்பாரக் கூரையில் ஒரு விளக்குப் பெட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் ரிப்பீட்டர். ஸ்டார்ட்டர் பச்சையானால் இது எரியும். சிவப்பானால் அணைந்துவிடும்.

நான் என் அறையிலுள்ள சிக்னல் பேனலில் பட்டனை அழுத்தி ஸ்டார்ட்டர் கொடுப்பேன். ரிப்பீட்டர் எரிவதைப் பார்த்துக் கார்டு கொடி காட்டி, வாக்கி-டாக்கியிலும் சொல்வார். லோகோ பைலட் ஹாரன் அடித்து வண்டியை எடுப்பார். மூன்று பேரும் மூன்று இடத்தில் இருப்போம். அத்தனை ஜனங்களோடு ஒரு வண்டி கிளம்பிப் போகும்.

நான் மலையில் பிறந்தவள். காலேஜில் சேர இறங்கி வந்தபோதுதான் ரயிலையே கிட்டத்தில் பார்த்தேன். வேலையில் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும், நான் அழுத்திய பட்டனுக்கு அந்த விளக்கு எரிந்து, வண்டி நகரும்போது உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். யாரிடமும் சொன்னதில்லை.

"நம்ம மலதானே நீங்க?"

பேனலுக்கு ஓடினேன். ஸ்டார்ட்டரைத் தாண்டி உள்ள தண்டவாளத் துண்டு அதில் சிவப்பாகத் தெரிந்தது. அங்கே வண்டி எதுவும் இல்லை. சற்று முன்புதான் ஒரு கூட்ஸ் அதன் வழியாகப் போயிருந்தது.

தண்டவாளத்தில் எப்போதும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்வரைதான் சிக்னல் பச்சை காட்டும். மேலே வண்டி நின்றாலும் சரி, ஒரு வயர் அறுந்தாலும் சரி, போய்ச் சேராது. உடனே சிவப்புதான்.

"பாண்ட் வயர் லூஸா இருக்கும் மேடம்," என்றார் பாயிண்ட்ஸ்மேன் ஏழுமலை. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் வயரைச் சொன்னார். "பனிக்காலத்துல இது ஒரு ரோதன."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பேனலில் சிவப்பு தானாகவே மறைந்தது. தண்டவாளம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் மறுபடி பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் வரும்.

வாக்கி-டாக்கியில் காதர் சார் கேட்டார். "வந்துடுச்சா மேடம்? எடுத்துடலாமா?"

அதற்குள் பயணிகள் சிலர் என் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பெயர் வெள்ளையன். விடிவதற்குள் மலையிலிருந்து இறங்கி, சந்தவாசல் வழியாக வந்தவர். தம்பி புளியமரத்திலிருந்து விழுந்து, வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்று காலை ஆபரேஷன்.

"நான் போய் ரத்தம் குடுக்கணும்மா. அவனுக்கும் எனக்கும்தான் ஒரே ரத்தம்னு சொல்லிக்கீறாங்க. வண்டி நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு நிக்குது?"

"லைன்ல ஏதோ கோளாறுண்ணா. பாத்துட்டு அனுப்பறேன்."

"இன்னா கோளாறு?"

"தெரியலண்ணா."

நானும் மலைக்காரி என்று என் பேச்சிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கியது. "நம்ம மலதானே நீங்க? ஒரு பச்ச வெளக்கு போட மாட்டீங்களா எனக்காக?"

என் விரல் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பேனல் சரி என்று சொல்கிறது. ஏழுமலையும் வயர்தான் என்கிறார். அழுத்தியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கொடிக்கும் ஹாரனுக்கும் அப்புறம், சக்கரம் உருளும் முன்பு அந்த விளக்கு அணைந்ததே, அது என்னை விடவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

"ஏழுமல, நடந்து போய்ப் பாத்துட்டு வாங்க. ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் குனிஞ்சு பாருங்க."

காதர் சாரிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கண்ட்ரோல் ஆபீசுக்கும் தகவல் சொன்னேன். வெள்ளையன் வாசல் தூணில் சாய்ந்து நின்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழுமலையின் போன்

போன் வந்தபோது ஏழுமலையின் குரல் அடையாளம் தெரியாமல் இருந்தது.

"மேடம்... வெல்டு கிட்ட தண்டவாளம் வுட்டுப் போயிருக்குது. என் வெரல் உள்ள போவுது மேடம்."

கூட்ஸின் பாரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. குளிரில் இரும்பு சுருங்கச் சுருங்க இடைவெளி திறந்திருக்கிறது. நடுவில் இரண்டு முனையும் லேசாகத் தொட்டுக்கொண்ட நேரத்தில்தான் பேனல் சரி என்று காட்டியிருக்கிறது. பனிமூட்டத்தில் வண்டியிலிருந்து எந்த மனிதக் கண்ணுக்கும் தெரியாத அந்த விரிசலை, ஒரு சிறு மின்சாரம் தாண்ட முடியாமல் நின்று, காதர் சாரின் தலைக்கு மேல் ஒரு விளக்கை அணைத்திருக்கிறது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி ஒன்று.

தண்டவாளத்தைப் பராமரிக்கும் கீமேனும் ஆட்களும் வந்து, விரிசலின் இரு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். ஸ்டார்ட்டர் கடைசிவரை சிவப்பாகவே இருந்தது. லோகோ பைலட்டுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்து, சிக்னலடியில் ஏழுமலையைப் பச்சைக்கொடியோடு நிறுத்தி, வண்டியை நடை வேகத்தில் அனுப்பினேன். ஜன்னல் ஓரம் வெள்ளையன் என்னைப் பார்க்காமல் போனார்.

பொங்கலுக்கு முன்பு அவர் மறுபடி வந்தார். ஆபரேஷனை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார்களாம். ரத்தம் கொடுத்திருக்கிறார். தம்பி கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறானாம். தண்டவாளம் விட்டுப்போன செய்தியைக் காதர் சார் வண்டியிலேயே சொல்லியிருந்தார்.

"அன்னிக்கி உங்க மேல ரொம்ப கோவம்மா எனக்கு," என்றார். "ஆனா ஒண்ணு கேக்கணும். கோளாறு இன்னான்னு தெரியலன்னுதானே சொன்னீங்க? அப்புறம் இன்னா தெரிஞ்சு நிறுத்தி வெச்சீங்க?"

"ஒண்ணும் தெரியலண்ணா. அதனாலதான் நிறுத்தினேன்."

புதிதாகப் பேனல் முன்னால் உட்கார வருகிறவர்களிடம், அன்று வெள்ளையனிடம் சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். சிவப்புக்கு ஆபத்து என்று மட்டும் அர்த்தம் இல்லை. எனக்குத் தெரியவில்லை என்றும் அர்த்தம். அதைச் சொல்லத் தெரிந்த ஒரு விளக்கை நம்பித்தான் ஊரே வண்டி ஏறுகிறது.