ஜீப்புக்கு முன்னால் ஷெர்லின்

மலைமேல் மஞ்சக்குட்டையிலிருந்து ஒண்டிக்கடைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிற ஸ்தனிஸ்லாஸ், மகள் ஷெர்லினுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்ததும் அந்த ஜீப்பை வைத்துத்தான். ஜீப்பின் காலை முதல் நடையில் ஷெர்லின் முன்னால் ஓடுவாள். ஜீப் பின்னால் உருளும். அவள் வேகம் குறைந்தால் ஹாரன். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். பதினான்கு வயதில் பள்ளியில் அவளை மிஞ்ச ஆளில்லை. எல்லாம் ஹாரன் செய்த வேலை என்று அவன் நம்பினான்.

“ஏனுங்க டிரைவரு, புள்ளைய ஓட்டறீங்களா, மாட்ட ஓட்டறீங்களா?” என்பாள், கொய்யாக் கூடையோடு பின்னால் உட்கார்ந்து வரும் காளியாயி. ஜீப்பே சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

சேலத்தில் மாவட்டப் போட்டி, மூவாயிரம் மீட்டர். ஐந்தாவது சுற்றில் ஷெர்லின் முதலாவதாக, நிதானமாக வந்துகொண்டிருந்தாள். மைதானச் சுவருக்கு வெளியே ஏதோ லாரி ஹாரன் அடித்தது. அவள் தோள் தூக்கிப்போட்டது. நூறு மீட்டர் ஓடுகிறவளைப் போலப் பாய்ந்தாள். அந்தச் சுற்று முடிவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். கடைசியாக வந்து சேர்ந்தாள்.

“ஏங்கண்ணு அப்படிப் பாஞ்ச?” விளையாட்டு டீச்சர் மலர் தண்ணீரை நீட்டினார்.

“அப்பா பின்னாடி வந்துட்டாருன்னு நெனச்சேனுங்க டீச்சர்.”

துண்டோடு கேலரியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ஸ்தனிஸ்லாஸ் காதில் அது விழுந்தது.

மலர் அவனைத் தனியே கூப்பிட்டார். “அண்ணா, ஒண்ணும் திட்டாதீங்க. ஓடறது புடிச்சிருக்குதான்னு மட்டும் கேளுங்க.”

ஊர் திரும்ப மலை ஏறும்போது கேட்டான். ஷெர்லின் வெளியே பார்த்தபடி சொன்னாள்: “முன்னாடி நொம்பப் புடிக்கும்ப்பா.”

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழுவினாள். காய்ந்ததும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். பெட்டி பீரோ மேல் பதினோரு நாள் இருந்தது. மறுபடி ஓடுவாளா என்று கேட்க அவனுக்கு நாக்கு வரை வரும். கேட்டால் அதுவும் ஒரு ஹாரன்தான் என்று தோன்றும். விட்டுவிடுவான்.

பன்னிரண்டாம் நாள். முதல் நடை, ஜீப்பில் ஒன்பது பேர், நல்ல மூடுபனி. எதிரே வருவது தெரியாத ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் ஷெர்லினின் முதுகு தெரிந்தது. அவன் ஸ்டாண்டுக்குக் கிளம்பிய பிறகு வீட்டிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும்.

ஹாரன் அடிக்காமல் அந்த வளைவில் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். பழக்கத்தில் கை ஹாரனுக்குப் போனது. கையை எடுத்தான். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

“வண்டிக்கு என்னாச்சுங்க?” பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க.”

“சேலம் பஸ் போயிருமுங்க! ஹாரன அடிச்சுட்டுத் திருப்புங்க.”

காளியாயி கூடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “செத்த சும்மா இருங்க சாமி. புள்ள போவட்டும்.”

ஷெர்லின் வளைவில் மறைந்தாள். ஷூ தரையில் படும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஒரே சீராக இருந்தது. அது அடங்கிய பிறகும் ஸ்தனிஸ்லாஸ் சாவியைத் தொடவில்லை.