படிக்கத் தெரியாதவளிடம் சொன்ன கதைகள்

ஐம்பத்தைந்தாம் வருஷம், பிரெஞ்சுக் கொடி இறங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. காரைக்காலில் நான் வேலை பார்த்த பெண்கள் ஆரம்பப் பள்ளியில் பிரெஞ்சுப் பாடவேளைகள் பாதியாகக் குறைந்தன. அவற்றை எடுத்துக்கொண்டிருந்தவள் நான். மீதி நேரத்துக்குத் தையல் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் தலைமையாசிரியை. எனக்கு ஊசியில் நூல் கோக்கும்போதே தலை வலிக்கும். மூலையறையில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் பூட்டிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி நூலகமாக்கித் தருகிறேன் என்று நானாகவே கேட்டேன்.

"ஒரு வருஷம் பாருங்க மதாம்," என்றார். பழைய பழக்கத்தில் எங்களையெல்லாம் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "இன்ஸ்பெக்டர் வர்றப்ப பிள்ளைங்க புத்தகம் எடுத்துட்டுப் போறதா ரிஜிஸ்டர்ல இருக்கணும். இல்லேன்னா அந்த ரூமை அஞ்சாம் வகுப்புக்குக் குடுத்துடுவேன். நீங்க தையலுக்குப் போயிடணும்."

முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். கடற்காற்றில் அட்டை ஊறிப் பிரிந்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் பழுப்புத் தாளில் மேலட்டை போட்டேன். முதுகில் சிவப்பு மையில் எண் எழுதினேன். திருப்பிக் கொடுக்கும் பிள்ளையிடம் அந்தப் புத்தகத்திலிருந்து மூன்று கேள்வி கேட்பேன். சரியாகச் சொன்னால்தான் அடுத்த புத்தகம். படிக்காமல் கொண்டுபோய்க் கொண்டுவரக் கூடாது அல்லவா? அதற்காக முதல் மூன்று மாதத்தில் எல்லாப் புத்தகங்களையும் நானே படித்து முடித்தேன். இன்றைக்கு இத்தனை, இன்றைக்கு இத்தனை என்று டைரியில் இருக்கிறது.

முதலில் வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். செப்டம்பரில் ஒரு வாரம் முப்பத்தொன்று. இதெல்லாம் என் ஒழுங்குக்குக் கிடைத்த பலன் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து வருஷம் பிரெஞ்சு எழுத்துகளைத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தபோது இல்லாத நிறைவு அது. காலையில் அறைக்கதவைத் திறக்கும்போதே மனம் லேசாகிவிடும்.

அப்போதுதான் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள்.

"மஞ்சக் கறை பட்ட புத்தகம் குடுங்க டீச்சர்."

"கறை பட்ட புத்தகமா? நம்பர் சொல்லு."

"நம்பரெல்லாம் தெரியாது டீச்சர். ஓரத்துல மஞ்சக் கறை இருக்குமாம். உள்ள முதலை வருமாம். ஆயாக்கா சொல்லிச்சு."

தேடினேன். எண்பத்து நான்காம் எண். ஓரத்தில் மஞ்சள் கறை. உள்ளே முதலை.

ஆயாக்கா என்றது பள்ளியின் ஆயாவை. காரைக்கால்மேட்டுப் பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. புருஷன் கடலுக்குப் போகிறவன். தினமும் காலையில் என் அலமாரிகளைத் துடைப்பவள் அவள்தான். சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பாள். ஓர் எழுத்துகூடத் தெரியாது.

மறுநாள் மத்தியான இடைவேளையில் கிணற்றடிப் பக்கம் போனேன். அவள் தண்ணீர் லோட்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆறேழு பிள்ளைகள். முந்தின நாள் என் மூன்று கேள்விக்கும் மூன்று வரியில், தரையைப் பார்த்தபடி பதில் சொல்லிவிட்டுப் போன பெண், இங்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதை சொன்னாள்.

"அடிப் பாவி! அப்ப அந்த ராஜா மக என்னடி பண்ணுனா?" என்றாள் ஆயா.

"மரத்துல ஏறிட்டாக்கா."

"சேலையோடயா?"

"பாவாடக்கா."

"அப்படிச் சொல்லு. சேலையோட ஏறியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் புத்தகத்தில் மரமே கிடையாது. ராஜாவின் மகள் படகில் ஒளிந்துகொள்கிறாள். நாற்பத்தோராம் பக்கம். திருத்த வாயெடுத்து, சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் படிப்பது அவளிடம் போய்ச் சொல்வதற்காக. ஒருத்தியிடம் கேட்ட கதையை வைத்து அவள் அடுத்தவளுக்குச் சிபாரிசு செய்கிறாள். நான் எண் போட்டதை அவள் கறையாலும் கிழிசலாலும் அடையாளம் வைத்திருக்கிறாள். வயிறு எரிந்தது என்று எழுதுவதற்கு இத்தனை வருஷம் கழித்தும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் படித்தவள் நான். ஒரு பிள்ளையாவது ஒரு கதையையாவது என்னிடம் கையை விரித்துச் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியையிடம் போனேன். ஆயா ஈரக்கையோடு புத்தகங்களைத் தொடுகிறாள், மேலட்டை ஊறிப் போகிறது என்றேன். ஒரே ஒரு தடவை, ஒரு புத்தகத்தில் அப்படி நடந்திருந்தது. ஆயாவைத் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த சின்னப் பிள்ளைகள் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பெரிய பிள்ளைகள் தெருவைக் கடக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி.

ஆயா போன பிறகு வாரக் கணக்கு பதினெட்டுக்கு இறங்கியது. பிறகு ஒன்பது. பிறகு நான்கு. ஐப்பசி மழையால் என்று டைரியில் எழுதினேன். மழை விட்ட பிறகும் நான்குதான்.

பொங்கலுக்கு முன்னால் தகவல் வந்தது, இன்ஸ்பெக்டர் மாதக் கடைசியில் வருகிறார் என்று. நானே கதை சொல்லிப் பார்த்தேன். நான்காம் வகுப்பை உட்காரவைத்து ஒரு முழுப் புத்தகத்தை, ஒரு வரி விடாமல் சொன்னேன். அடக்கமாகக் கேட்டார்கள். முடித்துவிட்டு, "இந்தப் புத்தகம் யாருக்கு வேணும்?" என்றேன்.

"அதான் நீங்களே முழுசும் சொல்லிட்டீங்களே டீச்சர்," என்றாள் முன்வரிசைப் பெண். "இனிமே எதுக்குப் படிக்கணும்?"

மறுநாள் தெருவைக் கடந்தேன். ஆயா ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க டீச்சரம்மா. கிட்ட வராதீங்க, நான் ஈரக்கைக்காரி."

அவளுக்குத் தெரிந்திருந்தது. "நான் சொன்னது சரியில்லை," என்றேன். "நீ திரும்ப அங்கே வரணும்."

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? பெரிய டீச்சர்கிட்டல்ல சொல்லணும், சரியில்லேன்னு."

"சொல்றேன்."

"என்னையும் வச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு தடவைதான் நனைந்தது, நான் பெரிதுபடுத்திவிட்டேன் என்று, அவள் பக்கத்தில் நிற்க, தலைமையாசிரியையின் மேஜை முன்னால். பிரெஞ்சு படித்த குடும்பத்துப் பெண் நான், பதினைந்து வருஷ ஆசிரியை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எதுக்கு மதாம் அப்படிச் செஞ்சீங்க?" என்றார். ஆயா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொன்னதில்லை.

மறுநாளே ஆயா கிணற்றடிக்குத் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் வந்த வாரம் இருபத்தாறு புத்தகங்கள் வெளியே போயிருந்தன. அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார், மேலட்டைகளையும் சிவப்பு எண்களையும் வெகுவாகப் பாராட்டினார். அறை எனக்கு நிலைத்தது. மூன்று கேள்வி கேட்கும் வழக்கத்தை அந்த மாதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பொறாமை மட்டும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் ஆயாவிடம், "உனக்கு எழுத்துச் சொல்லித் தரட்டுமா? ஆறு மாசத்துல நீயே படிச்சிடலாம்," என்றேன். நல்ல எண்ணம்போலத்தான் இருந்தது. அவளே படிக்க ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதையும் நான் நினைக்காமல் இல்லை.

"வேணாங்க டீச்சரம்மா. நானே படிச்சிட்டா இந்தப் பிள்ளைவ எனக்கு எதுக்குச் சொல்லப் போவுதுவ?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐம்பத்தெட்டில் அவள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் விடுப்பில் போனாள். அவள் போன மூன்றாம் நாள் மத்தியானம், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி புத்தகத்தை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். கிணற்றடிக்குப் போய்விட்டு வந்திருந்தாள் போலிருக்கிறது.

"ஆயாக்கா எப்ப டீச்சர் வரும்?"

"இன்னும் நாள் ஆகும்."

"அது வர்றதுக்குள்ள எனக்கு மறந்துடுமே," என்றாள். காலை மாற்றி மாற்றி நின்றாள். பிறகு, வேறு வழியில்லாதவள் மாதிரி, "நீங்க இத படிச்சிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

நூற்று அறுபத்தேழாம் எண். மூன்று தடவை படித்திருந்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

"இல்லையே," என்றேன்.

அவள் முகத்தில் சந்தேகம் இருந்தது. ஆனாலும் உள்ளே வந்து, என் மேஜையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே தப்பாக ஆரம்பித்தாள். இரண்டு ஆடுகள் மூன்றாகிவிட்டன, வியாபாரி திருடனாகிவிட்டான். மணி அடிக்கிற வரை சொன்னாள். வாயைத் திறக்காமல் இருந்தேன். எழுந்து போகும்போது, "ஆயாக்கா வந்ததும் அதுக்கு இன்னொரு தடவை சொல்லணும்," என்றாள்.

"சொல்லேன்," என்றேன்.